புயல் செய்தியைப் பதறாமல் படிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

2024 அக்டோபர் 15. சென்னை வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. மறுநாளுக்கு ரெட் அலர்ட். வெள்ளத்தில் வண்டிகள் மூழ்குவதைப் பலமுறை பார்த்த பகுதி அது. இந்த முறை ஆட்கள் முந்திக்கொண்டார்கள். 16ஆம் தேதி பயந்த அளவுக்கு மழை இல்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்து போய்விட்டது. ரெட் அலர்ட்டையும் மேம்பாலத்துக் கார்களையும் கேலி செய்து மீம்ஸ் கிளம்பின.

ஆறு வாரம் கழித்து ஃபெஞ்சல் வந்தது. அது புயலாகுமா ஆகாதா என்பதே கடைசி இரண்டு நாள் வரை மாறி மாறிச் செய்தியானது. நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறி, அங்கேயே நகராமல் நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை.

ஒரே பருவத்தில் இரண்டும் நடந்தன. டிவியில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு எழுத்து, ஒரே பதற்ற இசை. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. சேனல்கள் மிகைப்படுத்துகின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் "எல்லாம் டிஆர்பிக்காக" என்று ரிமோட்டை வைத்துவிடுபவர்தான் அடுத்த முறை மாட்டிக்கொள்கிறார். செய்தியிலிருந்து தகவலை மட்டும் பிரித்தெடுக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது?

தமிழ்நாட்டில் மழை பற்றி டிவியில் வரும் பெரும்பாலான தகவலுக்கு ஊற்று ஒன்றுதான்: நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையம். அதன் செய்திக்குறிப்பு தமிழிலேயே இணையதளத்தில் கிடைக்கிறது. இரண்டு பக்கம் படிக்க மூன்று நிமிடம் போதும். புயல் நேரத்தில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய குறிப்பு வரும்.

முதலில் பார்க்க வேண்டியது குறிப்பு வெளியான நேரம். காலையில் வந்த குறிப்பையே மாலை வரை "பிரேக்கிங்" என்று ஓட்டுவது சகஜம். அதற்குள் புயல் சின்னம் நூறு கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். நேரம் போடாத புயல் செய்தியை நான் படிப்பதே இல்லை.

படி 2: 'கனமழை' என்பதற்கு ஓர் அளவு உண்டு

பேச்சில் கனமழை என்றால் குடை தாங்காத மழை. வானிலைத் துறையில் அது ஓர் எண். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. 204.5 மி.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. செ.மீ. கணக்கில் ஏறத்தாழ 7, 12, 20 என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அதைவிட முக்கியமானது, செய்தியில் எப்போதும் வெட்டப்படும் இன்னொரு சொல்: இடப்பரவல். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. "சில இடங்களில்" என்றால் 26 முதல் 50. "பல இடங்களில்" 51 முதல் 75. "பெரும்பாலான இடங்களில்" என்றால் அதற்கும் மேல்.

இப்போது ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "கடலூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்புள்ளது." இது செய்திக்குறிப்பு. இதுவே யூடியூப் தம்ப்நெயிலுக்குப் போகும்போது "3 மாவட்டங்களைப் புரட்டிப்போடப் போகும் கனமழை!" என்று ஆகிவிடும். 'ஓரிரு இடங்களில்' போயிற்று, 'வாய்ப்புள்ளது' போயிற்று. பொய் என்று ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது. இரண்டு சொல்லை எடுத்ததிலேயே வேலை முடிந்துவிட்டது. பெரும்பாலான பீதிச் செய்திகள் இப்படி வெட்டித்தான் தயாராகின்றன. ஆகவே எந்தத் தலைப்பைப் பார்த்தாலும் இந்த இரண்டையும் மனதில் திரும்பச் சேர்த்துப் படியுங்கள்.

"அடுத்த 3 மணி நேரத்தில் 20 மாவட்டங்களில் மழை" என்று தினமும் ஓடுமே, அதுவும் இதே ரகம். அது குறுகிய நேர முன்னறிவிப்பு. பல நாட்களில் லேசான மழையைத்தான் சொல்லும். அந்த 'லேசான' தலைப்பில் வராது.

படி 3: நிறங்களின் பொருள்

பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். இது மாவட்ட நிர்வாகமும் பேரிடர் மேலாண்மைத் துறையும் முடிவெடுக்க உருவான குறியீடு. படகுகளைத் தயார் செய்வதா, முகாம்களைத் திறப்பதா, எத்தனை பேரைப் பணிக்கு அழைப்பது என்பதெல்லாம் அந்த நிறத்தை வைத்து நடக்கும். மழை எவ்வளவு பெய்யும் என்பதோடு, அதற்கான வாய்ப்பும் அதனால் வரக்கூடிய பாதிப்பும் நிறத்தில் அடக்கம்.

2018 அக்டோபர் 7ஆம் தேதிக்குத் தமிழகத்துக்கு ரெட் அலர்ட் வந்தது. சொல் புதிது, சேனல்களுக்குக் கொண்டாட்டம். ஊழியே வரப்போகிறது என்பதுபோல் ஒளிபரப்பு நடந்தது. அன்றைக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அரபிக்கடலில் உருவான சின்னம் லூபன் புயலாகி ஏமன் பக்கம் போய்விட்டது. இது தவறான எச்சரிக்கையா? நிர்வாகம் இரண்டு நாள் விழிப்பாக இருந்தது, அவ்வளவுதான். அதிகாரிக்கு எழுதிய கடிதத்தைத் தெருவில் ஒலிபெருக்கி வைத்துப் படித்ததில் வந்த வினை அது.

இன்னொன்று, நிறம் மாவட்டத்துக்குத்தான். உங்கள் தெருவுக்கு இல்லை. திருவண்ணாமலைக்கு ரெட் என்றால் செங்கத்துக்கும் ஆரணிக்கும் ஒரே மழை என்று பொருளாகாது.

படி 4: புயல் கூண்டு எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண் 1 முதல் 11 வரை போகும். எண் ஏற ஏற ஆபத்தும் ஒவ்வொரு படியாக ஏறுகிறது என்றுதான் செய்தி வாசிப்பார்கள். உண்மையில் 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து. புயல் கரையைக் கடக்கும்போது துறைமுகம் அதற்கு இடப்பக்கம் இருக்குமா, வலப்பக்கமா, அல்லது நேராக அதன் மீதே வருமா என்பதுதான் வேறுபாடு. 8, 9, 10 எண்களும் அப்படியே, கடும் புயலுக்கானவை. 11 என்பது எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கான அடையாளம். ஐந்திலிருந்து ஆறாக மாறியதைப் "புயல் தீவிரம் அதிகரிப்பு" என்று வாசித்தால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். இது கப்பல்காரர்களுக்கான மொழி.

படி 5: பெயரையும் கரையைக் கடக்கும் இடத்தையும் விட்டுவிட்டு மழையைப் பாருங்கள்

மொத்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

புயலுக்குப் பெயர் வைப்பது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால் புயல், பெயர் உண்டு. 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். 118ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். இந்தக் கணக்கில் மழைக்கு இடமே இல்லை. சேனல்களுக்கோ பெயர் இருந்தால்தான் கதை. பெயர் வந்ததும் வரைகலை, கவுன்ட்டவுன், கடற்கரையில் நிருபர் எல்லாம் வந்துவிடும். பெயர் வராத மழைக்கு ஓர் ஓரத்தில் ஸ்க்ரோல்.

தமிழ்நாட்டை மூழ்கடித்த மழைகளை எண்ணிப் பாருங்கள். 2015 டிசம்பர் 1 அன்று சென்னையைச் சுற்றிக் கொட்டியதற்குப் பெயர் கிடையாது. மறுநாள் காலைக் கணக்கில் தாம்பரம் 49 செ.மீ., செம்பரம்பாக்கம் 47 செ.மீ. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. ஓர் ஆண்டு மழை ஒரே நாளில். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. அதற்குக் காரணம் குமரிக்கடல் பகுதியில் இருந்த ஒரு வளிமண்டலச் சுழற்சி. பெயரில்லை, கண் இல்லை, கரையைக் கடக்கும் நேரம் இல்லை.

கரையைக் கடக்கும் இடமும் இப்படித்தான் ஏமாற்றும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, 5ஆம் தேதி. சென்னை மூழ்கியது அதற்கு முன்பே, 3, 4 தேதிகளில், புயல் கடலிலேயே மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தபோது. "புயல் ஆந்திராவுக்குப் போகிறது" என்ற தலைப்பைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் வேளச்சேரியில் எப்படி விழித்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

"புயல் வலுவிழந்தது" என்ற செய்தியில் இன்னும் கவனம் தேவை. வலுவிழந்தது காற்று, மழை அல்ல. 2020இல் புரெவி இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து நின்றது. சேனல்கள் மூட்டை கட்டிய நேரத்தில் கடலூர், நாகை மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. ஃபெஞ்சல் வலுவிழந்து உள்ளே நகர்ந்த பிறகுதான் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது, தென்பெண்ணை கரைபுரண்டது, திருவண்ணாமலையில் மண் சரிந்தது. கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது ஊத்தங்கரை! 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டிட்வாவும் காற்றின் கணக்கில் பெரிய புயல் இல்லை. மலையகத்தில் மண்சரிவும் வெள்ளமுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

ஆகவே செய்தி பார்க்கும்போது கேட்க வேண்டியது "எங்கே கரையைக் கடக்கும்?" அல்ல. சின்னம் எவ்வளவு வேகமாக நகர்கிறது, மழை மேகம் அதன் எந்தப் பக்கம் இருக்கிறது, என் மாவட்டத்துக்கு எத்தனை செ.மீ. சொல்லியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். மெதுவாக நகரும் சின்னம்தான் வெள்ளத்துக்குப் பெரும்பாலும் காரணம்.

படி 6: பாதைக் கோட்டை நம்பாதீர்கள், கூம்பைப் பாருங்கள்

வானிலை மையம் வெளியிடும் வரைபடத்தில் நடுக்கோட்டைச் சுற்றி ஒரு கூம்பு விரிந்துகொண்டே போகும். புயலின் மையம் அதற்குள் எங்கும் போகலாம் என்று பொருள். டிவி வரைகலையில் கூம்பு காணாமல் போய், அம்புக்குறி ஒன்று நேராக ஏதாவது ஒரு ஊரைக் குத்தும். ஒரு நாள் முன்பே சொன்னாலும் பாதை பல பத்து கிலோமீட்டர் விலகுவது சாதாரணம். மூன்று நாள் முன்பென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேலும் விலகும்.

2018 கஜாவைப் பாருங்கள். நவம்பர் 11 வாக்கில் அது வட தமிழகம், தெற்கு ஆந்திரக் கரையை நோக்கி வரும் என்று கணிக்கப்பட்டது. தெற்கே வளைந்து வந்து 16ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே ஏறியது. டெல்டாவின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. வானிலை மையம் இடையில் பாதையைத் திருத்திக்கொண்டே வந்தது. முதல் நாள் பார்த்த அம்புக்குறியோடு நின்றுவிட்டவருக்குத்தான் அது திடீர்ப் புயல். பழைய படத்தை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

படி 7: காற்றின் வேகத்தில் எந்த எண்?

இந்தியத் துறை சொல்வது 3 நிமிடச் சராசரி. அமெரிக்க மையம் சொல்வது 1 நிமிடச் சராசரி. அதனால் அதே புயலுக்கு அங்கே எண் பெரிதாக இருக்கும். இதுபோக, இடையிடையே வீசும் பலத்த காற்றின் வேகம் தனி. இந்த மூன்றில் பெரியது எதுவோ அது தலைப்புக்குப் போகும். இரண்டு சேனலில் இரண்டு எண் வந்தால் யாரோ மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அளந்த முறை வேறு.

படி 8: பதினைந்து நாள் கழித்து வரும் புயல்

விண்டி போன்ற செயலிகளில், வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளின் படத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி 16 நாள் வரை ஓடும். அதில் பன்னிரண்டாம் நாள் வங்கக்கடலில் ஊதா நிறத்தில் ஒரு சுழி தெரிந்தால் போதும், "டிசம்பரில் ராட்சசப் புயல்" என்று வீடியோ தயார். ஆறு மணி நேரத்தில் அடுத்த ஓட்டம் வரும். சுழி பர்மாவுக்குப் போயிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதற்கு யாரும் வீடியோ போடுவதில்லை.

நல்ல தனியார் ஆர்வலர்கள் தமிழில் பலர் இருக்கிறார்கள். சில நேரம் செய்திக்குறிப்பைவிடத் தெளிவாக விளக்குகிறார்கள். ஆளை எடைபோட ஒரு வழி: ஐரோப்பிய மாதிரி என்ன சொல்கிறது, எங்கே முரண்படுகிறது, எது இன்னும் தெரியவில்லை என்று சொல்பவரா? அப்படியானால் கேளுங்கள். ஐந்து நாளுக்கு அப்பால் ஊர் பெயரோடு உறுதியாகச் சொல்பவரை விட்டுவிடுங்கள்.

படி 9: கேமரா எங்கே நிற்கிறது?

2005இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வெள்ளச் செய்தி சொல்ல ஒரு டிவி நிருபர் சிறு படகில் உட்கார்ந்து துடுப்புப் போட்டார். நேரலை நடக்கும்போதே இரண்டு பேர் அவருக்கு முன்னால் நடந்து போனார்கள். தண்ணீர் அவர்கள் கணுக்கால் அளவுதான். நம்மூரில் சுரங்கப்பாதைதான் அந்தப் படகு. எந்த மழைக்கும் முதலில் நிரம்பும் இடத்தில் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு "மிதக்கிறது சென்னை" என்பார்கள். நிருபருக்குப் பின்னால் பாருங்கள்: கடை திறந்திருக்கிறதா, பைக் போகிறதா?

வாட்ஸ்அப் வீடியோ என்றால் கடைப் பலகையின் மொழி, வண்டி நம்பர் பிளேட், பேருந்தின் நிறம் ஆகியவற்றைப் பாருங்கள். பாதி வீடியோ அங்கேயே விழுந்துவிடும். 2015 வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகவும், நாசா பேரழிவு மழையைக் கணித்ததாகவும் பரவியது. இரண்டும் பொய். நாசா சென்னைக்கு மழை எச்சரிக்கை விடுவதில்லை. அது அவர்கள் வேலை இல்லை.

படி 10: ஏரி திறப்புச் செய்தி

சென்னைக்காரர்களுக்கு இது தனிப் பயம், நியாயமான பயமும்கூட. ஆனால் எண்ணைப் பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் அடையாற்றில் விடப்பட்டது விநாடிக்கு 29,000 கன அடி. 2020 நிவர் வந்தபோது 22 அடியிலேயே விநாடிக்கு 1,000 கன அடியில் தொடங்கினார்கள். "செம்பரம்பாக்கம் திறப்பு! கரையோர மக்களுக்கு எச்சரிக்கை!" என்ற தலைப்பு 100 கன அடிக்கும் ஒன்றுதான், 29,000 கன அடிக்கும் ஒன்றுதான். முன்கூட்டியே கொஞ்சம் திறப்பது உண்மையில் நல்ல செய்தி. ஏரியில் இடம் உண்டாகிறது. கவலைப்பட வேண்டியது, ஏரி நிரம்பியபின் ஒரே நாளில் அளவு பல மடங்கு ஏறும்போது. கூடவே ஆற்றில் சேரும் மற்ற ஏரிகளின் உபரியும் இருக்கிறது. அது எந்தச் செய்தியிலும் வராது.

"வரலாறு காணாத மழை" என்றாலும் இதேபோல் கேளுங்கள்: எந்த நிலையத்தில், எத்தனை மணி நேரத்தில், எந்த ஆண்டிலிருந்து? நுங்கம்பாக்கத்தில் 1976 நவம்பர் 25 கணக்கில் ஒரே நாளில் 45 செ.மீ. பதிவாகியிருக்கிறது. 20 செ.மீ. மழைக்கு வரலாற்றை இழுக்க வேண்டியதில்லை. "இயல்பைவிட 15 சதவீதம் அதிகம்" என்பதும் செய்தியே அல்ல. 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் வானிலைத் துறைக் கணக்கில் அது இயல்பு.

படி 11: உங்கள் வீட்டுக்கு ஒரு முடிவு

இத்தனையும் படித்தபின் கேள்வி ஒன்றுதான்: நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? இதை டிவியின் சத்தத்தை வைத்து முடிவு செய்யாமல், தவறினால் யாருக்கு என்ன இழப்பு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். காரை மேம்பாலத்தில் நிறுத்தியவருக்கு மழை வராவிட்டால் இழப்பு ஒரு நடை. வந்திருந்தால் லட்சக்கணக்கில் மிச்சம். என்னைக் கேட்டால் அவர்களைக் கேலி செய்ததுதான் தவறு. குடிநீர் பிடித்து வைப்பது, போனைச் சார்ஜ் ஏற்றுவது, மாத்திரையும் ஆவணங்களும் ஒரு பையில் எடுத்து வைப்பது ஆகியவற்றுக்கு முப்பது சதவீத வாய்ப்பே போதும். வீட்டில் டயாலிசிஸ் நோயாளியோ நிறைமாதக் கர்ப்பிணியோ இருந்தால் ஆரஞ்சு நிறத்திலேயே இடம் மாறிவிடலாம். தரைத்தள வீடும் மூன்றாம் மாடியும் ஒரே செய்திக்கு ஒரேபோல நடந்துகொள்ள வேண்டியதில்லை.

கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தச் சந்தேகக் கணக்கு எதுவும் பொருந்தாது. மீனவர் எச்சரிக்கை வந்தால் போகக்கூடாது, அவ்வளவுதான். 2017இல் ஒக்கி ஒரே நாளில் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலானது. குமரி மாவட்டத்துப் படகுகள் பல அதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தன.

முகாமுக்கு வரச் சொல்லி அதிகாரி கதவைத் தட்டினால் விவாதிக்காமல் போங்கள். ஒடிசாவில் 1999 சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் ஃபைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை வெளியேற்றினார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது. "சும்மா பயமுறுத்தினார்கள்" என்று அப்போதும் சிலர் பேசியிருப்பார்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சிக்கு 1913. செய்தியை உறுதி செய்துகொள்ள இவற்றையே அழைக்கலாம்.

படி 12: மழை விட்டபின் கணக்குப் பாருங்கள்

தினமும் காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேர மழையளவை ஊர் வாரியாக வானிலை மையம் வெளியிடுகிறது. முந்தைய நாள் சேனல் சொன்னதையும், ஆர்வலர் சொன்னதையும், செய்திக்குறிப்பு சொன்னதையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதைச் செய்தாலே யார் எப்போதும் கூட்டிச் சொல்கிறார், யார் குறைத்துச் சொல்கிறார், யார் தவறினால் மறுநாள் ஒப்புக்கொள்கிறார் என்பது தெரிந்துவிடும். கூட்டிச் சொல்பவரை அடுத்த பருவத்துக்கு முன் அன்சப்ஸ்கிரைப் செய்துவிடலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதே வீடியோவை அனுப்பும் சித்தப்பாவுக்கு, அந்தக் காலைப் பட்டியலைப் பதிலாக அனுப்பலாம்.